நான் ஊமையாக இருந்த வீடு

அழுகைக் கோச்சி என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் அது. ஏறுகிறவனும் அழுவான், ஏற்றிவிட வந்தவனும் அழுவான். உங்களில் பலர் அதில் யாரையாவது ஏற்றிவிட்டிருப்பீர்கள். நான் சொல்ல வருவது அதில் ஏற முடியாமல் போனவர்களைப் பற்றி. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பேசியும் அதிகம் பழக்கமில்லை. அதற்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு.

அப்பாவும் அம்மாவும் வேலை செய்த தேயிலைத் தோட்டம் மாத்தளைக்கு மேலே இருந்தது. இலங்கை, இந்தியா ஒப்பந்தப்படி அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போட் வந்திருந்தது. அம்மா, அக்கா, நான் மூவரும் அதற்குள் அடக்கம். பயணத்துக்கு முன்னால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் எங்களுக்கு விருந்து வைத்தார்கள். அம்மாவின் அம்மிக்கல்லைப் பக்கத்துக் காம்பிராக்காரி வாங்கிக்கொண்டாள். கோழிகள் ஒரு வீட்டுக்குப் போயின. நான் படுத்த பலகைக் கட்டில் இன்னொரு வீட்டுக்குப் போயிற்று. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒரு தகரப் பெட்டி வாங்கினோம். பச்சைப் பெட்டி. லொறிகளுக்கு எழுத்து எழுதும் ஒருவரிடம் கொடுத்து, அதன் மூடியில் வெள்ளைப் பெயின்டால் அப்பாவின் பெயரையும், கீழே அப்பாவின் தாத்தா விட்டு வந்த ஊரின் பெயரையும், திருச்சி ஜில்லா என்றும் எழுதி வாங்கினார் அப்பா. பெயின்ட் காயும்வரை நானும் அக்காவும் ஈ உட்காராமல் விசிறினோம். அந்த ஊரை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

கோச்சி ஏற மாத்தளை ஸ்டேஷனுக்கு வந்தபோதுதான், தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போகும் கப்பல் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். வடக்கே சண்டை. எப்போது திரும்ப ஓடும் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களைப் போல வந்த இன்னும் சில குடும்பங்கள் அன்றைக்கே தோட்டத்துக்குத் திரும்பிவிட்டன. அப்பா மட்டும் மாட்டேன் என்றார்.

"கட்டிப்பிடிச்சு அழுதவங்க முகத்துல எப்படி முழிக்கிறது? அம்மிக்கல்லைத் திருப்பிக் கேக்கச் சொல்றியா?" என்றார் அம்மாவிடம்.

"கேட்டா என்ன? நம்ம கல்லுதானே."

"குடுத்தது குடுத்ததுதான்."

இப்போது யோசித்தால், திரும்பிப் போயிருந்தால் யாராவது எங்களுக்கு ஒரு மூலை கொடுத்திருப்பார்கள். கொஞ்ச நாள் கேலி செய்திருப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் அப்பா கூத்துக்காரர். ஒரு கட்டத்தை முடித்துவிட்டுத் திரும்ப மேடைக்கு வந்து அதையே ஆடுவது அவருக்குக் கேவலம்.

டவுனில் அறை தேட ஆரம்பித்தோம். பெட்டிதான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. அம்மா அதன் மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடுவாள். எந்த வீட்டு வாசலில் இறக்கி வைத்தாலும் காற்று சேலையைத் தூக்கும். வெள்ளை எழுத்து தெரியும். கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் நானா அதைப் படித்துவிட்டு, "விசா இருக்கா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று அப்பா சொன்னதும் தலையைச் சொறிந்தார். "பொலிஸ் வந்தா எனக்கும் கரச்சல் வாப்பா. மழை விடும்வரைக்கும் ஸ்டோர்ல இருந்துட்டுப் போங்க" என்றார். மழை விட்டது. ஒரு சிங்கள அம்மா எங்களுக்குச் சோறு போட்டு, அறை மட்டும் தரமாட்டேன் என்றாள். சோறு போடுவதற்கு யாரும் பாஸ்போட் கேட்பதில்லை.

கடைசியில் அறை கொடுத்தவர் நம்மவர்தான், தமிழர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து டவுனில் வீடு வாங்கிக் குடியேறியவர். ஓர் அலுவலகத்தில் நல்ல உத்தியோகம். அவர் சேலையை ஒரு விரலால் தூக்கி எழுத்தைப் படித்தார்.

"இதென்ன, திருச்சிக்குப் போற பெட்டி மாத்தளையிலயே இறங்கிட்டுதோ?"

அப்பா சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தார். பாஸ்போட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்கள் இஞ்சை இருக்கேலாத ஆக்கள். அங்கயும் போகேலாத ஆக்கள்" என்றார். பிறகு குரலைத் தணித்து விஷயத்துக்கு வந்தார்.

"வாடகைக்கு ஆள் வச்சால் பொலிசில பதியோணும். பதிஞ்சா உங்களை ஏத்திக்கொண்டு போவாங்கள், என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்கள். வேலைக்காரர் எண்டால் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கமாட்டான். தோட்டத்து ஆக்களெண்டா வேலைக்காரர் எண்டுதான் சனம் நினைக்கும். வாடகை மாசம் பிறந்த உடன வரோணும். ரசீதுத் துண்டு கிண்டு கேக்கப்படாது. ஆரும் வந்து கேட்டா நீங்கள் எங்கட வேலைக்காரர். விளங்குதோ?"

"இவ்வளவுதானுங்களா ஐயா?" என்றார் அப்பா. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

தோட்டத்தில் ஒவ்வொரு மாசி மாதமும் காமன் கூத்து நடக்கும். அப்பாதான் ரதி. சிவன் மன்மதனை எரித்த பிறகு ரதி புலம்பும் இடம் வரும்போது கங்காணிமார்கூட மூக்கைச் சிந்துவார்கள். மீசை வைத்த மனிதர் ஒருவர் சேலை கட்டிக்கொண்டு அத்தனை பேரையும் அழவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவருக்கு வேலைக்கார வேஷம் ஒரு பெரிய வேஷமா?

எங்கள் அறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. முன்பு அதில் கொக்கோ விதையைப் புளிக்கவைத்திருக்கிறார்கள். சுவரைக் கழுவக் கழுவ அந்தப் புளித்த வாடை வந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறினால் இனிப்பாகவும் நாறும். இன்றைக்கும் சொக்லட் சாப்பிட எனக்கு மனம் வராது.

அந்த அறையில் அப்பா எங்களுக்குப் பழக்கினார். எப்படி நிற்பது, துண்டை எங்கே இடுக்குவது, எந்த இடத்தில் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"காலைப் பாரு. முகத்தைப் பாக்காத. கூப்பிட்டா ஓடாத, வேகமா நட. வேஷம் கட்டினா முழுசா கட்டணும். கண்ணைச் சிமிட்டக் கூடாது. சிமிட்டினியோ ரதி போயி நீ வந்துருவ."

அக்கா கெட்டிக்காரி. தட்டை ஏந்திக்கொண்டு வந்து, குனிந்து, வீட்டுக்காரம்மாவின் பேச்சிலேயே, "தேத்தண்ணி குடியுங்கோவன்" என்றாள். அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள்.

என் முறை வந்தபோது அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவன் உளறிருவான். வாடகை குடுக்கிறோம்னு யாருகிட்டயாவது சொல்லிருவான்" என்றார். பிறகு, "நீ ஊமை" என்றார்.

அப்படித்தான் எனக்கு அந்த வேஷம் கிடைத்தது. ஊமை எப்படிச் சத்தம் போடுவான் என்று அப்பா தொண்டையிலிருந்து செய்து காட்டினார். நாக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். ஆ ஆ என்று வர வேண்டும், சொல்லாக மாறக் கூடாது. எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஊமைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு என் படிப்பு நின்றது.

முதலில் வந்தவர் கிராம சேவகர். வீட்டுக்காரம்மா முன்னறையிலிருந்து, "எடியே, தேத்தண்ணி கொண்டு வா" என்று அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா கொண்டுபோனாள். அப்பா முற்றத்தைக் கூட்டினார். நான் ஆ ஆ என்றேன். கிராம சேவகர் என் தலையைத் தடவி, "பவ்" என்று சிங்களத்தில் பரிதாபப்பட்டுவிட்டுப் போனார். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு மாலை எங்கள் அறையில் திருவிழா மாதிரி இருந்தது. அம்மா, "எடியே! எடியே!" என்று அப்பாவைக் கூப்பிட, அப்பா சேலை கட்டியவரைப் போல் நடந்து வந்து தண்ணீர் கொடுத்தார்.

பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள். கோயில் ஆட்கள், அலுவலக ஆட்கள், வீட்டுக்காரம்மாவின் உறவுகள். ஒவ்வொரு முறையும் அம்மாவும் அக்காவும் உள்ளே போனார்கள். பிறகு யாரும் வராதபோதும் வீட்டுக்காரம்மா கூப்பிட்டாள். "நாலு பேர் பாக்கிற இடம். ஆள் வரேக்க மட்டும் வேலை செய்தா அயலுக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது. அக்கா துணி துவைத்தாள், மிளகு காயவைத்தாள், வீட்டுக்காரம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். அப்பா டவுனில் மூட்டை தூக்கி வாடகை கொடுத்தார். வாடகை வாங்கும் கையாலேயே வீட்டுக்காரர், அந்த வாழையை வெட்டிவிடு என்று காட்டுவார்.

ஒருநாள் அம்மா கேட்டாள்: "வாடகையும் குடுத்துட்டு வேலையும் செய்யணுமா?"

"கப்பல் ஓடட்டும். அதுவரைக்கும் கூத்து. விடிஞ்சா வேஷத்தைக் கலைச்சிடப் போறோம்" என்றார் அப்பா.

அந்த வீட்டில் என் வயதில் ஒரு மகன் இருந்தான். சின்னையா என்று சொல்ல வேண்டும், நான் ஊமை என்பதால் அது மிச்சம். என் ரகசியம் அவனுக்குத் தெரியும். விருந்தாளிகள் வந்தால் மெதுவாக என் பின்னால் வந்து நின்று, முதுகில் நகத்தால் கிள்ளுவான். என் காதில், "அம்மா எண்டு சொல்லு. ஒருக்காச் சொல்லு. பெட்டியைத் தூக்கி றோட்டில எறிவம்" என்பான். நான் நாக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். ஒருமுறை காய்ந்த கொச்சி மிளகாயை என் கண்ணில் தேய்த்தான். ஆ ஆ என்று கத்தினேன். விருந்தாளி அம்மா ஒருத்தி எனக்கு மாரி பிஸ்கட் கொடுத்தாள். அவனுக்கு என் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. பல்லி வாலை வெட்டிவிட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி பார்த்தான்.

கொழும்பிலிருந்து பெரியவர் வந்தது ஒரு நண்பகலில். வீட்டுக்காரருக்கு மேலதிகாரி. மனைவியோடு சீகிரியா பார்த்துவிட்டு வருகிற வழியில் சாப்பிட இறங்கினார். அவர் வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் அப்பாவிடம், "கவனம். அவர் பெரிய இடங்களில பழக்கமுள்ள ஆள். ஒரு சொல் சொன்னாரெண்டா நீங்கள் அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தார். அதனால் அன்றைக்கு நாங்கள் எல்லோருமே நன்றாகச் செய்தோம். அம்மா வைத்த குழம்பை அக்கா பரிமாறினாள். கை நடுங்காமல், கண்ணைத் தூக்காமல். அப்பா வெற்றிலைத் தட்டத்தோடு தூணோரம் நின்றார். நான் விசிறினேன்.

சாப்பிட்டு முடித்ததும் பெரியவரின் மனைவி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல அடக்கமான பெட்டை. எங்கட வீட்டிலயும் ஒண்டு நிண்டது, ஒரே வாய். உங்களுக்கு எங்கயிருந்து கிடைச்சது?"

"எங்களோடயே கிடக்குதுகள். குடும்பமா" என்றாள் வீட்டுக்காரம்மா.

"அப்ப இவளை எங்களுக்குத் தாங்கோவன். உங்களுக்குத்தான் தாய்க்காரி இருக்கிறாளே."

வீட்டுக்காரம்மா சிரித்தாள். புருஷனைப் பார்த்தாள். வீட்டுக்காரர் தட்டத்திலிருந்து ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டார். "நீங்கள் கேட்டா நாங்கள் மாட்டம் எண்டே சொல்லப்போறம்? கொண்டு போங்கோ" என்றார்.

பிறகு அப்பாவைப் பார்த்து, "என்னடா, பெரிய ஐயா கேக்கிறார். சரிதானே?" என்றார்.

அக்கா தட்டை ஏந்தியபடி நின்றாள். வேஷம் கட்டிய நாளிலிருந்து விருந்தாளிகளின் முன்னால் அவள் தலையைத் தூக்கியதில்லை. அப்போது தூக்கினாள். அப்பாவைப் பார்த்தாள். அவள் பயந்த மாதிரி தெரியவில்லை. இப்போது இவர் துண்டை உதறிவிட்டு, நாங்கள் வாடகைக்கு இருக்கிறவர்கள், இது என் மகள் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்த மாதிரிதான் இருந்தாள். அப்பாவும் வீட்டுக்காரரின் முகத்தில் ஏதாவது சாடை தெரிகிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் பாக்கை மென்றுகொண்டிருந்தார்.

அப்பா வாயைத் திறந்தால் பெரியவருக்கு எங்கள் கதை தெரிந்துவிடும். அந்த நிமிஷமே அறை போய்விடும். நாங்களும் போய்விடுவோம்.

அப்பா கையைக் கூப்பினார். "ஐயாமாரு சொன்னா சரிதானுங்க" என்றார். கண்ணைச் சிமிட்டவில்லை.

சமையல் நடந்த குசினி வாசலிலிருந்து அம்மா, "அவ சின்னப் புள்ளைங்க அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"பயப்படாத. எங்கட பிள்ளை மாதிரிப் பாப்பன்" என்றாள் பெரியவரின் மனைவி.

துணி வைக்க வேறு பை இல்லை. பெட்டியைக் காலிசெய்து கொடுத்தோம். வீட்டுக்காரம்மாவே வந்து அவசரப்படுத்தினாள். அந்த எழுத்து வீட்டைவிட்டுப் போவதில் அவளுக்குச் சந்தோஷம் என்று நினைக்கிறேன். டிரைவர் அதைக் காரின் பின்னால் வைத்தபோது பெரியவர் படித்துவிட்டு, "இதென்ன திருச்சி?" என்று கேட்டார். "ஆரோ எறிஞ்ச பெட்டி" என்றார் வீட்டுக்காரர்.

கார் கேட்டைத் தாண்டியபோது நான் பின்னால் ஓடினேன். கத்தினேன். அக்கா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். ஆ ஆ என்றுதான் வந்தது. அக்கா பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். "ஐயோ, ஊமைக்கும் பாசம் இருக்குது பாருங்கோ" என்று வீட்டுக்காரம்மா யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். விருந்தாளிகள் போய்விட்டார்கள், அங்கே இருந்தது அவள் புருஷன் மட்டும்தான். அவளும் எங்களை வேலைக்காரர் என்றே நம்பிவிட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. முற்றத்தில், கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அப்பா தினமும் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்பார். "அவளுக்கென்ன, நல்லா இருக்கிறாள். ஃபேனுக்குக் கீழ படுக்கிறாள்" என்று பதில் வரும். அடுத்த மாசம் பிறந்து அப்பா வாடகையை நீட்டியபோது வீட்டுக்காரர் வாங்கவில்லை. வீட்டுக்காரம்மா வெளியே வந்தாள்.

"குறை நினைக்காதேங்கோ. பிள்ளையைக் குடுத்த தாய் இப்பிடி வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தா எங்களுக்கு மனசு கேக்குதில்லை. சோறு இறங்குதில்லை. வேற இடம் பாருங்கோ."

எங்களை முதன்முதலாக அவள் மரியாதையாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பாங்கில் வேலை செய்யும் ஒரு பையனுக்குக் கொடுத்தார்கள். அவனிடம் எல்லாப் பத்திரமும் இருந்தது.

நாங்கள் தம்புள்ளைப் பக்கம் போய் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்தோம். தோட்டத்துக்காரர் போட்டுக் கொடுத்த ஓலைக் குடிசைக்கு யாரும் பத்திரம் கேட்கவில்லை. மழை வந்தால் அதில் இருக்கவும் முடியாது. கொழும்புக்குப் போகிற வழியெல்லாம் சோதனைச் சாவடி. அடையாள அட்டை இல்லாதவன் ஒன்றைக்கூடத் தாண்ட முடியாது. அம்மா அங்கேயே போய்ச் சேர்ந்தாள். கப்பல் ஓடவே இல்லை. சட்டம் மாறி, நீங்களும் இந்த நாட்டவர்தான் என்று எங்களுக்கு அட்டை தந்தபோது எனக்கு மீசை வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

அட்டை கையில் கிடைத்ததும் அப்பா செய்த முதல் காரியம், வீட்டுக்காரரைத் தேடிப் போய்ப் பெரியவரின் விலாசத்தைக் கேட்டதுதான். கிழவராகியிருந்த அவர் சொன்னார். நாங்கள் கொழும்புக்குப் போனோம். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். வழியில் யாரும் எங்களிடம் அட்டை கேட்கவில்லை. அப்பா அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெரிய கேட். கம்பி வழியாக வராந்தா தெரிந்தது. அங்கே சப்பாத்தும் செருப்பும் அடுக்கிய ஒரு தகரப் பெட்டி. பச்சை உதிர்ந்து துரு ஏறியிருந்தது. வெள்ளை எழுத்து அப்படியே இருந்தது. அப்பாவின் பெயர், ஊர், திருச்சி ஜில்லா.

மணி அடித்தோம். அக்காவே வந்தாள். உடம்பு வைத்து, முன்தலை நரைத்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"அம்மாடி" என்றார் அப்பா.

உள்ளேயிருந்து ஓர் இளம் பெண்ணின் குரல், பெரியவரின் மருமகளாக இருக்க வேண்டும், "ஆரது?" என்று கேட்டது.

"அக்கா" என்றேன் நான். அந்தச் சொல்லை அவ்வளவு தெளிவாக நான் எப்போதும் சொன்னதில்லை.

மருமகள் வராந்தாவுக்கு வந்துவிட்டாள். "உன்னையே அக்கா எண்டு கூப்பிடுறார்? உன்ர தம்பியோ?"

அக்கா என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு தம்பிதான் இருந்தான். அவன் ஊமை" என்றாள். "இவங்க யாரோ தெரியலம்மா. வீடு வாடகைக்குக் கேட்டு வந்திருக்காங்க போல."

"இஞ்சை வீடு இல்லையெண்டு சொல்லு."

"இங்க வீடு இல்ல" என்று எங்களிடம் சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். வேகமாக, ஆனால் ஓடாமல்.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். கொழும்பு முடிந்து வயல்கள் வரத் தொடங்கின. கையில் அட்டையை வைத்திருந்தார், எடுத்தவர் பையில் திருப்பி வைக்கவே இல்லை. வெகுதூரம் வந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"புள்ள கண்ணைக்கூடச் சிமிட்டல, பாத்தியா?" என்றார்.